மலையில் நெட்வொர்க் நின்றால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, குன்னூரில் ஒரு சிறிய மருத்துவமனை, ஊட்டியில் இரண்டு பள்ளிகள் என்று சில இடங்களின் நெட்வொர்க்கையும் சர்வர் அறைகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். போன் வந்ததும் "என்ன எரர் காட்டுகிறது?" என்று நான் கேட்பதில்லை. "எத்தனை மணிக்கு நின்றது? அப்போது வெளியே எப்படி இருந்தது?" என்றுதான் கேட்பேன். மழையா, மேகமூட்டமா, உறைபனியா, இடியா, கரண்ட் போய் வந்ததா? இந்தப் பதிலிலேயே பாதிப் பிழை தெரிந்துவிடும். கருவியோடு வரும் கையேடுகள் சமவெளி அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1,800 மீட்டருக்கு மேலே ஈரமும் குளிரும் மெலிந்த காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அவற்றில் பெரும்பாலும் வராது.

இதைப் படிப்பவர் ஒரு பள்ளியிலோ தொழிற்சாலையிலோ தனியாக நெட்வொர்க்கைக் கவனிப்பவராக இருந்தால், கையில் சில பொருள்கள் இருக்கட்டும்: ஒரு மல்டிமீட்டர், ஃபைபருக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனா, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய மீட்டர், நன்றாக வேலை செய்வதாகச் சோதித்துவைத்த ஒரு குட்டைப் பேட்ச் கார்டு (இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிள்), ஒரு நோட்டு. நோட்டில் தேதி, நேரம், வானிலை, என்ன செய்தீர்கள் என்று நான்கே வரி எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால், உங்கள் கட்டடத்துக்கு அதைவிட நல்ல கையேடு கிடையாது.

"சனிக்கிழமை அணைத்துவிட்டுப் போனோம், திங்கள் காலை சர்வர் எழவில்லை"

மழைக்காலத்தில் அதிகம் வரும் புகார் இது. பவர் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் கவரைத் திறந்து, உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை விரலால் தொடுங்கள். ஈரமாக இருந்தால் எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்காதீர்கள். பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் அணைந்து கிடந்த சர்வரின் இரும்பு, அறையின் இரவுக் குளிருக்கு இறங்கிவிட்டது. காலையில் ஆள்கள் வந்து கதவைத் திறக்க, வெளியே இருந்த ஈரக்காற்று உள்ளே வந்தது. குளிர்ந்த இரும்பில் பட்டதும் நீர் படிந்தது. டீக்கடைக் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் அதே நீர்த்துளிதான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இது நடக்காது, அதன் உடம்பு எப்போதும் காற்றைவிடச் சூடு. அதனால் "மின்சாரம் மிச்சம்" என்று வார இறுதியில் அணைப்பது சமவெளியில் நல்ல பழக்கமாக இருக்கலாம். இங்கே ஜூன் முதல் டிசம்பர் வரை அணைக்காமல் விடுவதே கருவிக்கு நல்லது.

நனைந்த சர்வரைக் காயவைக்க அவசரம் வேண்டாம். ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்து ஊதாதீர்கள். கவரைத் திறந்துவைத்து, அறைக்குள் சில அடி தள்ளி ஒரு ஹீட்டரை வைத்து, அரை நாள் விடுங்கள். மெமரி பட்டைகளைக் கழற்றி, முனையைத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். பத்தில் சில முறை அதுவே போதும்.

திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது? இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். வெளியே 10 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட நீக்காமல் அறை காய்ந்துவிட்டது. சூடாக்க என்ன செலவு? சர்வரே சூடு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டாலே போதும். "ஊட்டியில் ஏ.சி. எதற்கு, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதுமே" என்று சொல்லித் திறந்துவைத்த ஜன்னல் வழியே மேகம் அப்படியே ரேக்குக்குள் (சர்வர்களை அடுக்கிவைக்கும் அலமாரி) நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலை மூடுங்கள். அறை 18 முதல் 27 டிகிரிக்குள் நிற்கட்டும். சூடு மிஞ்சினால் மட்டும் ஒரு சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படி வையுங்கள்.

ஓரிரண்டு நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் கருவி) மட்டுமே இருக்கும் சிறிய பெட்டி என்றால் அந்தச் சூடு போதாது. துணி அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நம் வீடுகளில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம் அல்லவா, அதே யோசனையைப் பாதுகாப்பாகச் செய்தது போல, மின்பலகைகளுக்கென்று தெர்மோஸ்டாட்டுடன் சிறிய ஹீட்டர்கள் கிடைக்கின்றன. அதைப் போடுங்கள். பல்பையே போட்டுவிடாதீர்கள், தூசியும் பிளாஸ்டிக்கும் இருக்கும் இடம். அப்புறம், ரேக்கை வெளிச்சுவரில் சாய்த்து வைக்காமல் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். பழைய பங்களாக்களின் கல்சுவர் நவம்பரில் வியர்க்கும்.

ஜனவரி உறைபனி நாள்களில் கதை தலைகீழ். வெளியே 0 டிகிரியில் இருக்கும் காற்று 20 டிகிரி அறைக்குள் வந்தால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஸ்வெட்டரோடு போய் மெமரியைத் தொட்டால் நிலைமின்சாரம் பாய்ந்து சிப் போகும். அந்த மாதங்களில் மட்டும் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

"மேகமூட்டம் வந்தால் எதிர்மலை லிங்க் விட்டு விட்டு வருகிறது"

பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் எஸ்டேட் குடியிருப்பு. நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் லிங்க். மேகம் இறங்கியதும் இணைப்பு போகிறது, அதனால் மேகம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மேகமூட்டம் ஒரு தடையே இல்லை. மூன்று கிலோமீட்டரில் அதனால் ஏற்படும் இழப்பு அளக்கத் தகுந்ததல்ல. 60 கிகாஹெர்ட்ஸ் கருவி வைத்திருந்தால் மட்டும் மழை உண்மையிலேயே லிங்க்கை வெட்டும். மற்றபடி மேகத்தோடு சேர்ந்து வேறு ஏதோ வருகிறது. அது என்ன என்று பாருங்கள்.

நல்ல வெயில் நாளில் இரண்டு முனையிலும் சிக்னல் அளவைக் குறித்துவையுங்கள். மைனஸ் 58 டி.பி.எம். என்று வைத்துக்கொள்வோம் (மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). மேகம் வந்த நேரத்தில் மறுபடி பாருங்கள்.

அளவு மாறவே இல்லை, ஆனாலும் இணைப்பு போகிறது என்றால் காற்றுவெளியில் குற்றம் இல்லை. டிஷ்ஷுக்குப் போகும் கேபிளிலோ பி.ஓ.இ. அடாப்டரிலோ (நெட்வொர்க் கேபிள் வழியே கரண்ட் அனுப்பும் கருவி) ஈரம் ஏறியிருக்கிறது. கருவியின் உள்ளே எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு இருக்கும். அது பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் கருவிக்குக் கரண்டே அறுந்து வந்திருக்கிறது என்று பொருள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அளவு பத்து, பதினைந்து டி.பி. இறங்கியிருந்தால் மரத்தைப் பாருங்கள். அலை ஒரு கயிறு போல நேராகப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகிறது. மூன்று கிலோமீட்டர் லிங்க்கின் நடுப்புள்ளியில் அந்தப் பருமனின் ஆரம் ஆறு மீட்டருக்கும் மேல். அதில் குறைந்தது நான்கு மீட்டராவது சுற்றிலும் வெறுமையாக இருக்க வேண்டும். லிங்க் போட்ட வருடம் காலியாக இருந்த இடத்தில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கும் வளர்ந்திருக்கும். காய்ந்த இலை கொஞ்சம் அலையை விட்டுக்கொடுக்கும், நனைந்த இலை விடாது. அதனால்தான் வெயிலில் ஓடும் லிங்க் ஈரத்தில் நிற்கிறது. மரம் வெட்ட அனுமதி கேட்டு அலைவதைவிட, கம்பத்தை உயர்த்துவதோ இடத்தை மாற்றுவதோ எளிது.

அளவு இறங்கி, வெயில் வந்த பிறகும் அப்படியே இருந்தால் டிஷ் திரும்பியிருக்கிறது. காற்று ஒரு காரணம். குரங்கு இன்னொரு காரணம், வெயில் காய அது டிஷ்ஷின் மேல்தான் உட்காரும். கம்பத்தில் டிஷ் இருக்க வேண்டிய கோணத்தை ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், எவ்வளவு திரும்பியது என்று கீழே இருந்தே தெரியும். ஆனால் இருட்டிய பிறகு அதைச் சரிசெய்ய யாரையும் தனியே அனுப்பாதீர்கள். தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. ஓர் இரவு லிங்க் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

"கேமரா போய்ப் போய் வருகிறது", "அந்தக் கட்டடம் மட்டும் ரொம்ப மெதுவு"

சுவிட்சில் அந்தப் போர்ட் எத்தனை வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் கேபிளில் ஒரு கம்பியாவது போய்விட்டது. 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் கேபிள் பாதி செத்த பிறகும் இணைப்பு உயிரோடு இருப்பது போலத் தெரியும்.

கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். தங்கமுலாம் பூசிய முனையில் பச்சை படிந்திருந்தால் ஈரம். பி.ஓ.இ. ஓடும் கேபிளில் இது வெகு வேகமாக நடக்கும். 48 வோல்ட் நேர்மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்து செம்பைத் தின்றுவிடும்.

இங்கேதான் மலைக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. ஒரு பள்ளியில் கீழ்க்கட்டட சுவிட்ச் இரண்டு மழைக்காலத்தில் இரண்டு முறை போனது. அறைக்கூரை ஒழுகவில்லை, சுவர் காய்ந்திருந்தது. மூன்றாவது சுவிட்சைப் பொருத்தும்போதுதான் கேபிளின் முனையிலிருந்தே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்தேன். மேலே, ஐம்பது அடி உயரத்தில் இருக்கும் கட்டடத்தின் கூரை ஓரத்தில் உறை ஓரிடத்தில் கீறியிருந்தது. அங்கே புகுந்த மழைநீர் கேபிளின் உறைக்குள்ளேயே சரிவில் இறங்கி, கீழே சுவிட்ச் போர்ட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. கேபிள் ஒரு குழாயாக மாறிவிட்டது. ஆகவே பழுது கீழே தெரிந்தால் ஓட்டையை மேலே தேடுங்கள். வெளியில் போகும் கேபிள் ஜெல் நிரப்பிய வெளிப்புற வகையாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி, மேலே ஏறி நுழைய வேண்டும், அப்போது சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். பெட்டியின் துளை எப்போதும் அடிப்பக்கம் இருக்கட்டும்.

விலை குறைவு என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை வாங்காதீர்கள். ஈரத்தில் அது பொடியாகிவிடும்.

"நேற்று இடி இடித்தது, இன்று பாதிப் போர்ட் இல்லை"

கோடை மழை வரும் ஏப்ரல், மே. பிறகு வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர், நவம்பர். இந்த நான்கு மாதங்களில் மாலை மூன்று மணிக்கு மேல் வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான்.

முதலில் எந்தெந்தப் போர்ட் செத்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். இன்னொரு கட்டடத்துக்கோ வெளியில் இருக்கும் கேமராவுக்கோ போகும் போர்ட்களாக அவை இருந்தால் மின்னல் மின்சார லைன் வழியே வரவில்லை, நெட்வொர்க் கேபிள் வழியே வந்திருக்கிறது. பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கும்போது தரையின் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. மேல்கட்டடத்தின் எர்த்தும் கீழ்க்கட்டடத்தின் எர்த்தும் அந்தக் கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசத்தில் நிற்கும். இரண்டையும் இணைக்கும் செம்புக் கம்பி நம் கேபிள்தான். அந்த வழியே பாய்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரே நிலையான தீர்வு, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே செம்பைக் கழற்றிவிட்டு ஃபைபர் போடுவது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும், ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் ஒரு மீடியா கன்வர்ட்டர் போதும். ஆண்டுதோறும் மாற்றும் சுவிட்சின் விலையோடு ஒப்பிட்டால் செலவு பெரிதல்ல. இரும்புக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் அந்தக் கவசத்தை உள்ளே கொண்டுவராதீர்கள், அதுவும் கம்பிதான்.

போர்ட் விளக்கு எரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். இடிக்குப் பிறகு அரை உயிரோடு இருக்கும் போர்ட்கள் உண்டு. விளக்கு எரியும், பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். எண்ணிக்கையைச் சுழியாக்கி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஏறினால் அந்தப் போர்ட்டை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

எர்த் குழியின் மின்தடையை மார்ச்சில் அளந்து பாருங்கள். மழையில் அளந்தால் எல்லாக் குழியும் நன்றாகத்தான் காட்டும். சரிவில் தண்ணீர் நிற்காது, அடியில் பாறை. கோடை இடி வரும்போது மண் காய்ந்து கிடக்கும், அந்த நேரத்து எண்தான் உங்களுக்கு வேண்டிய எண்.

"பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, வெளி இணைப்பே இல்லை"

ஃபைபர் இணைப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு என்றால் ஒளி வரவில்லை. முதலில் உங்கள் கட்டடத்துக்குள் பாருங்கள்: யாராவது மேஜையை நகர்த்தி ஃபைபரை மடித்துவிட்டார்களா, எலி கடித்ததா? சிவப்பு ஒளிப் பேனாவைச் செருகினால், ஒடிந்த இடத்தில் மஞ்சள் உறை வழியே சிவப்பாகக் கசியும். பச்சை கனெக்டரை நீல கனெக்டரோடு சேர்த்துச் செருகியிருந்தாலும் ஒளி வெகுவாகக் குறையும். இரண்டின் முனையும் வேறு வேறு கோணத்தில் தீட்டப்பட்டவை.

உள்ளே எல்லாம் சரி என்றால் எப்படி நின்றது என்று கேளுங்கள். கணினியில் திறக்கும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், அது பெறும் ஒளியின் அளவு இருக்கும். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நலம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெரும்பாலான பெட்டிகள் திணறும். அந்த அளவு வாரக் கணக்கில் மெல்ல இறங்கி வந்திருந்தால் கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர், அல்லது சாய்ந்த மரமோ உராய்ந்துபோன காட்டெருமையோ கேபிளை இழுத்து மடித்திருக்கிறது. இப்படிப்பட்ட பிழையைப் புகார் செய்யும்போது "நெட் இல்லை" என்று சொல்லாதீர்கள். "இத்தனை தேதியில் மைனஸ் 21, நேற்று மைனஸ் 26, இன்று இல்லை" என்று சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் ஆள் வேறு விதமாகக் கிளம்பி வருவார்.

ஒரே நொடியில் ஊர் முழுக்க நின்றிருந்தால் மலைப்பாதையைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியே குன்னூருக்கு ஏறும் சாலை ஒன்று, நேரே கோத்தகிரிக்கு ஏறும் சாலை ஒன்று. சமவெளியிலிருந்து வரும் கேபிள்கள் இப்படிப்பட்ட சாலைகளின் ஓரமாகத்தான் வருகின்றன. 2009 நவம்பரில் மண்சரிவு நீலகிரியை என்ன செய்தது என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சாலை போனால் கேபிளும் போகும், அதைச் சரிசெய்ய வரும் வண்டியும் வர முடியாது.

ஆகவே இரண்டாவது இணைப்பு வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: "உங்கள் கேபிள் எந்தச் சாலை வழியாக மேலே வருகிறது?" இரண்டு நிறுவனம் என்பதால் இரண்டு பாதை ஆகிவிடாது. நான் பார்த்த ஓர் இடத்தில் இரண்டு இணைப்புக்கும் மாதாமாதம் பணம் கட்டிவந்தார்கள். இரண்டும் ஒரே சாலையின் ஒரே கம்பத்தில் வந்தன, ஒரே மரம் இரண்டையும் சாய்த்தது. ஒன்று பர்லியாறு வழி என்றால் இன்னொன்று கோத்தகிரி வழியோ, கூடலூர் பக்கமிருந்தோ வர வேண்டும். குன்னூர்த் தேயிலை ஏலம் மின்னணு முறையில் நடக்கிறது. ஏல நாளில் இணைப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் தொழிற்சாலைக்கு இந்த ஒரு கேள்வியின் மதிப்பு தெரியும்.

மாற்று இணைப்புக்கு மாறிய பிறகு "சில தளம் திறக்கிறது, சில தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்றால் பாக்கெட் அளவைப் பாருங்கள், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின் அளவு. பயனர் பெயர் கொடுத்து இணையும் வகையில் 1500 பைட் போகாது, 1492 தான் போகும். ரூட்டரில் அந்த எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

உதிரிப் பாகங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். "மைசூரில் இருக்கிறது, ராத்திரியே அனுப்புகிறோம்" என்பார்கள். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஒரு சுவிட்ச், ஒரு பவர் சப்ளை, இரண்டு ஹார்ட் டிஸ்க், நான்கு ஃபைபர் பேட்ச் கார்டு, இவை மலைமேலேயே, பூட்டிய உலர்ந்த பெட்டியில் இருக்க வேண்டும்.

"யு.பி.எஸ். ஒரு மணி நேரம் நிற்கும் என்றார்கள், பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது"

பேட்டரியின் வயதைக் கேட்பதற்கு முன் பேட்டரி அறையின் வெப்பத்தைக் கேளுங்கள். பேட்டரியில் அச்சிட்ட கொள்ளளவு 25 டிகிரிப் பக்கம் அளந்தது. 0 டிகிரியில் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும், சுமை அதிகம் என்றால் இன்னும் குறையும். டிசம்பர் இரவில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் நிலை அது.

அதைவிட மோசமானது மெதுவாக நடக்கும் இன்னொன்று. குளிர்ந்த பேட்டரிக்குச் சார்ஜ் வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்: 12 வோல்ட் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிகிரிக்கு 18 மில்லிவோல்ட் அளவுக்கு. 10 டிகிரி அறையில் இது 0.27 வோல்ட் ஆகிறது. 16 பேட்டரி வரிசை என்றால் நான்கு வோல்டுக்கும் மேல். சமவெளிக்கு அமைத்துவைத்த யு.பி.எஸ். இதைக் கொடுக்காது. பேட்டரி ஒருபோதும் முழுதாக நிரம்பாமல், உள்தகட்டில் உப்புப் படிந்து, இரண்டே வருடத்தில் கெட்டுப்போகும். குளிரில் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும், அதுதான் இயற்கை. இங்கே சீக்கிரம் சாகிறது என்றால் குறைச்சார்ஜ்தான் காரணம். யு.பி.எஸ்.ஸுக்கு வெப்ப உணரி ஒன்று தனியே விற்பார்கள். அதை வாங்கிப் பேட்டரியின் உடம்பில் ஒட்டச் சொல்லுங்கள், சுவரில் அல்ல. முடிந்தால் பேட்டரியையும் சர்வரின் சூடு இருக்கும் அறைக்கே கொண்டுவாருங்கள், காற்றோட்டம் விட்டு.

"ஜெனரேட்டர் ஓடுகிறது, ஆனால் யு.பி.எஸ். பேட்டரியிலேயே இருக்கிறது"

இது மருத்துவமனையில் நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யு.பி.எஸ்.ஸின் திரையில் உள்ளே வரும் அதிர்வெண்ணைப் பாருங்கள். 50-இல் நிற்காமல் 47, 52 என்று ஆடினால் யு.பி.எஸ். அந்தக் கரண்டை நம்ப மறுக்கிறது.

ஜெனரேட்டர் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறல். ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். 25 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும் ஜெனரேட்டரை இங்கே 20 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட், கீசர், எக்ஸ்ரே எல்லாம் அதில் தொங்கினால் அதிர்வெண் விழாமல் என்ன செய்யும்? கீசரை ஜெனரேட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். பிறகு யு.பி.எஸ். அமைப்பில் அதிர்வெண் எல்லையைச் சற்றுத் தளர்த்துங்கள், ஜெனரேட்டருக்கென்றே அந்தத் தெரிவு இருக்கும். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். இருக்கிற கொஞ்சக் காற்றையும் அழுக்கு தடுக்கக் கூடாது.

"தினமும் அதே நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது"

தொழிற்சாலை என்றால் அந்த நேரத்தில் எந்த மோட்டார் போடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தேயிலை வாட்டும் தொட்டியின் ஃபேன்களை ஒன்றாகப் போடும்போது வோல்டேஜ் சட்டென்று விழும். சர்வருக்குத் தனி லைன் இழுத்து, மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடச் சொன்னால் தீர்ந்தது. மேஸ்திரியிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், செய்துவிடுவார்.

"அறை ஜில்லென்று இருக்கிறது, ஆனால் சர்வர் ஃபேன் அலறுகிறது"

இதுவும் மெலிந்த காற்றின் வேலைதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவு, அதனால் எடுத்துச்செல்லும் சூடும் குறைவு. சர்வர் தயாரிப்பாளர்கள் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் அனுமதி வெப்பத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஊட்டியில் இது நாலரை டிகிரி. 35 டிகிரி வரை தாங்கும் என்ற சர்வர் இங்கே 30-இல் முணுமுணுக்க ஆரம்பிக்கும். மூடிய ரேக்குக்குள் அந்த 30 எளிதாக வந்துவிடும், அறை 20-இல் இருந்தாலும். ரேக்கின் முன்கதவும் பின்கதவும் துளையுள்ளவையா, காலி இடங்களைத் தகடு போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வரும் சூடான காற்று முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகக் கூடாது.

தேயிலைத் தொழிற்சாலையில் இன்னொரு காரணமும் உண்டு: பறக்கும் தேயிலை நார். அது பஞ்சு போல ஹீட்சிங்க்கை (சிப்பின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) மூடிக்கொள்ளும், ஈரத்தை உறிஞ்சிக் களிம்பாகும். மாதம் ஒரு முறை ஊதிவிடுங்கள், அறைக்கு வெளியே கொண்டுபோய்.

"கரண்ட் வந்துவிட்டது, எல்லா விளக்கும் எரிகிறது, யாராலும் உள்ளே போக முடியவில்லை"

மரம் விழுந்து பத்து மணி நேரம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். தீர்ந்து எல்லாம் அணைந்துவிட்டது. திரும்பி வரும்போது எல்லாக் கருவியும் ஒரே நொடியில் எழும். அதுதான் பிரச்சினை.

ஒரு கணினியில் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் எண் வழங்கும் சர்வரை அது பார்க்கவில்லை. பெரிய சுவிட்ச் எழச் சில நிமிடங்கள் எடுக்கும், அதற்குள் மற்றவை எழுந்து, யாரும் இல்லை என்று முடிவு செய்துவிட்டன. கணினிகளை மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும்.

எண் சரியாக இருந்தும் உள்நுழைய முடியவில்லை என்றால் சர்வரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். உள்நுழைவைச் சரிபார்க்கும் விண்டோஸ் டொமைன், கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினாலே கடவுச்சொல்லை ஏற்காது, பாதுகாப்பான தளங்களும் திறக்காது. தேதியை முதலில் கையால் திருத்துங்கள், பிறகு அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றிய தேதியை அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்த முறைக்கு: கரண்ட் வந்ததும் மெயினைப் போடாதீர்கள். லைன் நிலைக்கட்டும், பத்து நிமிடம் பொறுங்கள். மீட்டரை வைத்து 230 பக்கம் நிற்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இல்லையா என்று பாருங்கள். மரம் விழுந்த லைனில் நியூட்ரல் அறுந்திருந்தால் 230-க்குப் பதில் 400 வரை வரும், ஒரு நொடியில் எல்லாம் போகும். எண் சரி என்றால் முதலில் சுவிட்சும் ரூட்டரும், ஐந்து நிமிடம் கழித்து ஸ்டோரேஜ், அப்புறம் எண் வழங்கும் சர்வர், கடைசியில் மற்றவை. இந்த வரிசையை, நீங்கள் இல்லாத நாளில் வாட்ச்மேன்கூடப் பார்த்துச் செய்யும்படி, எண் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். லேமினேட் செய்து ஒட்டுங்கள், வெறும் தாள் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து எழுத்து அழிந்துவிடும்.